நடுவழியில் வந்து சேர்பவர்கள்



இன்று நான் பேச ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு நம் பாஷையில் இன்னும் நல்லதொரு பெயர் அமையவில்லை. ஆங்கிலத்தில் ‘எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப்’ என்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள் அதையும் சுருக்கி ‘ஈ.ஆர்.ஜி.’ என்று மூன்றெழுத்தாக்கி விட்டார்கள். ‘ஊழியர் வளக் குழு’ என்று ஒரு மொழிபெயர்ப்பை எங்கோ பார்த்தேன். அதைப் படிக்கிறவருக்கு மணல் குவாரியும் கனிம வளமும் ஞாபகத்துக்கு வருமேயன்றி மனிதர்கள் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். ஆகையால் இந்த ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் ‘தோழமைக் குழு’ என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். தமிழறிஞர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரே ஸ்தாபனத்தில் வேலை பார்ப்பவர்களுள், ஒரே விதமான வாழ்க்கை அனுபவத்தைக் கடந்து வந்தவர்கள் தாமாகவே கூடி, புதிதாக வருகிறவருக்கு வழி சொல்லியும், தங்களுக்குத் தெரிந்து நிர்வாகத்துக்குத் தெரியாமற் போனவற்றை அதன் காதில் போட்டும் வருகிற ஒரு சிறிய கூட்டம் என்று அதற்கு இலக்கணம் கூறலாம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களையும் பெண்களையும் பற்றிய அளவில் இக்குழுக்கள் என்ன செய்திருக்கின்றன, எங்கே தவறுகின்றன என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஆலையின் பணியாளர் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஒரு சமயம், வேலூர்ப் பக்கத்துக்காரரான ஒரு ஹவில்தார், பட்டாளத்தில் பதினேழு வருஷம் சேவை செய்து வெளியே வந்து, வேலை கேட்டு என் முன் நின்றார். நல்ல தேகக்கட்டு, மீசை, நிமிர்ந்த பார்வை. அவர் நீட்டிய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கி, பெயரையும் பிறந்த தேதியையும் நன்னடத்தைக் குறிப்பையும் பார்த்துவிட்டு, மற்றப் பக்கங்களில் இருந்த சுருக்கெழுத்துக்களெல்லாம் எனக்கு விளங்காத காரணத்தால் மூடித் திருப்பிக் கொடுத்தேன். வாசல் காவலுக்கு ஆள் தேவையாயிருந்தது, அங்கே போட்டேன். நாலு மாதம் கழித்து ஆலையின் உள்தொலைபேசி அமைப்பு முழுவதும் செத்துப் போய், சென்னையிலிருந்து மெக்கானிக் வருவதற்காக இரண்டு நாள் காத்துக் கிடந்த வேளையில், அந்த ஹவில்தார் தயங்கித் தயங்கி வந்து, “ஐயா, நான் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டார். அன்று மாலைக்குள் மணி அடித்தது. அவர் சிக்னல்ஸ் படைப்பிரிவில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளையும் எக்ஸ்சேஞ்சுகளையும் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் என்பது எனக்கு அப்பொழுதுதான் தெரிந்தது. நான் வியந்து பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர் (அவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான்) மிகவும் அடக்கமாகச் சொன்னார்: “அவர் சிக்னல்ஸ்காரர் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும் சார். நீங்கள் கேட்கவில்லை.”

நீங்கள் கேட்கவில்லை என்ற அந்தச் சொல்லை நான் பல வருஷம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்தாபனத்துக்குத் தேவையான அறிவு அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே, அதன் சம்பளப் பட்டியலிலேயே இருந்தும், அதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு வழி இல்லாத காரணத்தால் பயனற்றுக் கிடக்கிறது. தோழமைக் குழுவின் தத்துவமெல்லாம் இதற்குள் அடக்கம் என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய அலுவலகங்களும் ஆலைகளும் யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள். படிப்பை முடித்து இருபத்திரண்டு வயதில் நேராக உள்ளே நுழைந்து, இடையில் எங்கும் நில்லாமல் படிப்படியாக ஏறி, ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ மாலை போட்டுக்கொண்டு வெளியேறும் ஒருவனை மனத்தில் வைத்தே விதிகளும், உயர்வுப் பட்டியல்களும், நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளும் வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ராஜபாட்டையில் வராமல் பக்கத்துச் சந்து வழியாக நடுவில் வந்து சேர்பவர்கள் இரண்டு திறத்தார். நம் முப்படைகளிலிருந்து வருஷந்தோறும் ஏறக்குறைய 60,000 பேர் வெளிவருகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் 35-க்கும் 45-க்கும் இடைப்பட்ட வயதினர், மகளுக்குக் கல்யாணமும் மகனுக்குக் காலேஜும் கண்ணெதிரே நிற்கும் பருவத்தினர். மற்றொரு திறத்தார், பிள்ளைப்பேற்றுக்காகவும், வயோதிகரான மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்காகவும், கணவனுக்கு மாற்றலாகிப் போன ஊருக்குப் பின்தொடர்ந்து போனதற்காகவும் உத்தியோகத்தை நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பி வரும் பெண்கள். துப்பாக்கி பிடித்த கையும் தொட்டில் ஆட்டிய கையும் ஒன்றா என்று கேட்கலாம். நேர்முகத் தேர்வு அறையில் அவ்விருவரிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

சட்டம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களிலும் தேசிய வங்கிகளிலும் ‘சி’ பிரிவில் 14.5 சதவீதமும் ‘டி’ பிரிவில் 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. போரில் மாண்டவர் குடும்பத்தாருக்கும் அங்கஹீனம் அடைந்தவர்க்குமான பங்கும் இதற்குள் அடங்கும். ஆயினும் அவ்விடங்கள் முழுவதும் நிரம்புவதில்லை. படைக்கு ஆள் சேர்க்கும் 2022-ஆம் வருஷத்து அக்னிபத் திட்டமோ நான்கே வருஷச் சேவைக்குப் பின் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை இளவயதிலேயே வெளியே அனுப்புவது. பெண்களைப் பற்றியோ, 1961-ஆம் வருஷத்துப் பிரசவச் சலுகைச் சட்டத்தை 2017-இல் திருத்தி, 12 வார விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ உள்ள ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். சட்டம் கதவைத் திறந்துவிடும். திறந்த கதவுக்குள்ளே போனவர் எந்த நாற்காலியில் உட்கார்வது, யாரிடம் எதைக் கேட்பது என்பதைச் சட்டம் சொல்லாது.

தோழமைக் குழு என்ற யோசனை பிறந்த கதை சுவாரசியமானது. நம் ஊரில் தாலுக்கா ஆபீஸ் வாசலிலும் பள்ளிக்கூடத்து எதிரிலும் ‘ஜெராக்ஸ்’ என்று பலகை தொங்காத இடம் இல்லை. ஒரு கம்பெனியின் பெயர் என்பதே மறந்துபோய், அது நமக்குத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தக் கம்பெனி நியூயார்க் மாகாணத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் பிறந்தது. 1964-ஆம் வருஷம் ஜூலை மாதம் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் வசித்த பேட்டைகளில் மூண்ட கலகம் மூன்று நாள் நீடித்து, தேசியக் காவற்படையை வரவழைத்த பிறகே ஓய்ந்தது. ஊரே செழித்துக் கிடக்கையில் ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் வேலையில்லை என்பது அந்தக் கலகத்தின் காரணங்களுள் ஒன்று. கம்பெனியின் தலைவராயிருந்த ஜோசப் வில்சன் என்பவர் மனச்சாட்சியுள்ள மனிதர். கறுப்பின இளைஞர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

எடுத்துக்கொண்டதோடு கதை முடியவில்லை. உண்மையில் அங்கேதான் ஆரம்பமாகிறது. விற்பனைத் துறையில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தை விடக் கமிஷன் முக்கியம். கமிஷனோ ஒருவருக்கு ஒதுக்கப்படும் பிரதேசத்தைப் பொறுத்தது. பெரிய ஆபீஸ்கள் நிறைந்த தெருக்கள் வெள்ளையருக்கும், இயந்திரம் வாங்க வக்கற்ற தெருக்கள் தங்களுக்கும் வந்து சேர்வதைக் கறுப்பினத்தவர் கண்டார்கள். பழைய விற்பனையாளர்கள் புதியவர்களுக்குச் சாப்பாட்டு மேஜையில் கற்றுக்கொடுக்கும் தொழில் ரகசியங்கள் தங்கள் காதுக்கு எட்டுவதில்லை என்பதையும் கண்டார்கள். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருந்தவர்கள் மனுப் போட்டுக்கொண்டிருப்பதோடு நிற்காமல், சாயங்கால வேளைகளில் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, இயந்திரத்தை எப்படி இயக்கிக் காட்டுவது, மேலதிகாரியின் மதிப்பீட்டுத் தாளில் எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கொருவர் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். விற்பனையில் முந்தியும் காட்டினார்கள். பிறகு பிரதேசப் பங்கீட்டில் நடக்கும் அநியாயத்தையும் அஞ்சாமல் எடுத்துச் சொன்னார்கள். 1970-இல் தேசிய கறுப்பின ஊழியர் குழு அக்கம்பெனியில் உருவாயிற்று. இன்று உலகமெங்கும் உள்ள தோழமைக் குழுக்களுக்கு மூலபுருஷன் இதுவே. பிற்பாடு பெண்கள், ஸ்பானிய மொழி பேசுவோர், பழைய படைவீரர்கள் என்று கிளைகள் பல தழைத்தன.

அதே கம்பெனியில் 1980-ஆம் வருஷத்துக் கோடைக்காலத்தில் பயிற்சி மாணவியாக நுழைந்த அர்சுலா பர்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, 2009-இல் ஆன் மல்காஹி என்ற மற்றொரு பெண்மணியிடமிருந்து தலைமைப் பதவியை ஏற்றுக்கொண்டார். அமெரிக்காவின் மிகப் பெரிய ஐந்நூறு கம்பெனிகளில் ஒன்றின் தலைமை பெண் கையிலிருந்து பெண் கைக்கு மாறியது அதுவே முதல் தடவை. இதைக் குழுக்களின் கணக்கில் அப்படியே வரவு வைத்தால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். அந்த அம்மையாரின் திறமை அவருடையது. ஆனால் அந்தத் திறமையைக் கண்ணால் பார்க்கப் பழகிய ஒரு ஸ்தாபனமாக அது முன்பே ஆகியிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இக்குழுக்களைத் தொழிற்சங்கத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. நிர்வாகமே காசு கொடுத்துப் பொம்மைச் சங்கம் நடத்துவதை அமெரிக்கர் 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் தடுத்தார்கள். 1992-இல் இந்தியானா மாகாணத்து எலெக்ட்ரோமேஷன் என்ற கம்பெனி, ஊழியர் கமிட்டிகளைத் தானே அமைத்துச் சம்பளம், வருகை முதலியவற்றைப் பற்றி அவற்றோடு பேசியது அந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று அந்நாட்டுத் தொழிலுறவு வாரியம் தீர்ப்புச் சொல்லிற்று. கூலியைப் பேச வேண்டியது சங்கம். சங்கம் வந்துவிடக் கூடாதே என்பதற்காகத் தோழமைக் குழுவை வளர்க்கிற முதலாளியைக் கண்டால் நாலடி தள்ளி நிற்பதே உசிதம்.

இனி, பட்டாளமும் பெண்ணும் ஒரே உருவத்தில் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைகளில் சேவை செய்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடியே அறுபது லட்சம் பேர். அவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யுத்தம் முடிவதற்கு முன்பே யோசித்து, 1944 ஜூன் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தினால் எழுபத்தெட்டு லட்சம் பேர் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அதே யுத்தத்தில், ஆண் விமானிகளைப் போர்முனைக்கு அனுப்புவதற்காக, உள்நாட்டில் விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓட்டிச் செல்லும் பணிக்குப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். பணியின்போது மாண்டவர்கள் 38 பேர். அவர்கள் படையினர் அல்லர், சாதாரண சிவில் ஊழியரே என்று ஏட்டில் எழுதியிருந்தபடியால், இறந்த பெண்ணின் உடலை ஊருக்கு அனுப்பக்கூட அரசாங்கம் செலவு செய்யவில்லை. கூட வேலை செய்த பெண்கள் தங்கள் கையிலிருந்த காசைத் திரட்டி, உடலைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். பெட்டியின் மேல் தேசியக் கொடி போர்த்தும் பாத்தியதையும் கிடையாது. 1944 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டது. அவர்களும் படைவீரர்களே என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1977-இல். முப்பத்து மூன்று வருஷம்! தோழமைக் குழு என்ற பெயர் தோன்றுவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, அந்த விமானத் தளத்தில் தொப்பியை நீட்டிக் காசு திரட்டிய பெண்களை நான் மனத்தால் வணங்குவதுண்டு.

நாமும் பெருமை பேசுவதற்கில்லை. இதே சென்னையில், பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கலாசாலையில் 1992-ஆம் வருஷம் முதற்றடவையாக 25 பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். மருத்துவம், செவிலி ஆகிய துறைகளுக்கு வெளியே ராணுவம் பெண்களை அதிகாரிகளாக ஏற்றுக்கொண்டது அப்பொழுதுதான். முதலில் ஐந்து வருஷச் சேவை என்றார்கள். பிறகு பத்து, அதற்குப் பிறகு பதினாலு என்று நீட்டினார்கள். ஓய்வூதியத்துக்கோ இருபது வருஷம் தேவை. ஆகவே முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில், நூற்றுக்கணக்கான ஜவான்களை நடத்திய அனுபவத்தோடும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையோடும், பென்ஷன் இல்லாமலும் வெளியே வந்து, நான் சொன்ன அந்தப் பக்கத்துச் சந்தில் இரண்டு மடங்கு இருட்டில் நின்றார்கள் அப்பெண்மணிகள். 2020 பிப்ரவரி 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்களுக்கும் நிரந்தரச் சேவை உண்டு என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்குக் கீழ்ப்படியச் சிப்பாய்களின் மனம் இடம் தராது என்று அந்த வழக்கில் சர்க்கார் தரப்பில் வாதித்ததைப் படித்தபோது, சிப்பாயையே கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றிற்று.

நம் தேசத்திலும் இத்தகைய அமைப்பு ஒன்று நீண்ட காலமாக இருந்துவருவது பலருக்குத் தெரியாது. பொதுத்துறை நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்கள் கூடி 1990 பிப்ரவரியில் கல்கத்தாவில் தோற்றுவித்த ‘விப்ஸ்’ என்னும் அமைப்பு, இன்று பொதுத்துறைக் கம்பெனிகள் பலவற்றில் கிளைகளோடு நடந்துவருகிறது. ஆண்களையே எண்ணிக் கட்டிய ஆலைகளுக்குள் முதன்முதலாக ஒரு பெண் இன்ஜினீயர் போய் நிற்கும்போது, கழிப்பறை எத்தனை பர்லாங்கு தூரம் என்பதிலிருந்து இரவு முறைக்கு வண்டி உண்டா என்பது வரையில், கேட்க வெட்கப்படும் கேள்விகளுக்கு முன்பே விடை தெரிந்த ஒரு அக்காள் அங்கே இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு நோயையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த சில பெரிய ஸ்தாபனங்களில் பெண்கள் குழு என்பது மார்ச் மாதம் எட்டாம் தேதி கண் விழித்து, ரோஜாப்பூ கொடுத்து, கோலப் போட்டி வைத்து, கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி ஒரு வருஷம் உறங்கப் போய்விடுகிறது. படைவீரர் குழுவோ ஆகஸ்டுப் பதினைந்தில் கொடியேற்றுகையில் முன்வரிசையில் நிறுத்தப்படுகிறது. குழுவின் தலைவியாக இருப்பவர் பத்து மணி நேர வேலையை முடித்துவிட்டுப் பதினோராவது மணியில் இதைப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளமும் இல்லை, உயர்வில் மதிப்பும் இல்லை. ஊருக்கு உழைக்கிற பெண் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, வருஷக் கடைசி மதிப்பீட்டில் வேலையில் கவனம் குறைவு என்று அவள் பேருக்கு நேரே எழுதிய நிர்வாகியை நான் அறிவேன்.

இதற்கு எதிராக நான் காட்ட விரும்புவது, கம்பெனியின் ஆதரவோ அறையோ இல்லாமல் தெருவில் பிறந்த ஒரு கூட்டத்தை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் விற்பனைக்கு நின்ற பெண்கள், நாள் முழுவதும் உட்காரக் கூடாது, கழிப்பறைக்கும் போக வழியில்லை என்ற நிலையில், விஜி என்ற தையற்காரப் பெண்மணியின் தலைமையில் ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு நாற்காலி. கேரளம் 2018-இல் சட்டம் திருத்திற்று. 2021-இல் நம் தமிழ்நாட்டுச் சட்டசபையும் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் வசதி தர வேண்டும் என்று சட்டம் செய்தது. தியாகராய நகரத்து ஜவுளிக்கடைகளில் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன நாம் எத்தனை தடவை மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே எட்டு மணி நேரமாக நிற்கும் பெண்ணை “இன்னும் நாலு புடவை எடுத்துக் காட்டம்மா” என்று சொல்லியிருக்கிறோம்! அவள் கால் வீக்கம் கடை முதலாளிக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. நின்றவளுக்குத் தெரிந்தது.

குழு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது என்ற எண்ணமும் வேண்டாம். பெண்கள் குழுவுக்கு ஆண்களும், படைவீரர் குழுவுக்குப் படையைக் காணாதவர்களும் வரலாம் என்று வைத்துக்கொண்ட இடங்களில்தான் காரியம் நடக்கிறது. அமெரிக்காவில் 2025-ஆம் வருஷம் அரசாங்கத்தின் காற்று இத்தகைய முயற்சிகளுக்கு எதிராக மாறியபோது, ஒரு சாராரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் சட்ட விரோதமாகலாம் என்று எச்சரித்தார்கள். எல்லோருக்கும் திறந்திருந்த குழுக்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தவில்லை.

கடைசியாக, இந்தச் சபையில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் பலர் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்களிடம் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. குழுவை நடத்துகிறவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வேலை நேரத்திலேயே கொடுங்கள். அவர் செய்வதை மதிப்பீட்டில் ஒரு வரியாவது எழுதுங்கள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணின் முதல் நாளன்று, அதே வழியில் முன்பு வந்த ஒருத்தியை அவள் பக்கத்து மேஜையில் உட்கார வையுங்கள். பட்டாளத்திலிருந்து ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தால், அவரை வாசலுக்கு அனுப்புமுன் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் பாருங்கள். அதிலுள்ள சுருக்கெழுத்து விளங்கவில்லையென்றால் கூச்சப்பட வேண்டாம், எனக்கும் விளங்கவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் அநேகமாக உங்கள் வாசலிலேயே காவலுக்கு நின்றுகொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள்.